டிஎஸ்எச் 6.2: ஸ்டார் போட்ட ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போகும் முன்

தைராய்டு ரிப்போர்ட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குப் போகும்வரை பொறுப்பதில்லை. கவுன்ட்டரிலேயே நின்று பிரித்துவிடுவார்கள். எண்ணைக்கூடப் பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் நார்மலைத் தாண்டிவிட்டது என்று காட்டும் ஸ்டார் இருக்கிறதா, எழுத்து தடிமனாக இருக்கிறதா என்றுதான் கண் ஓடும். இருந்துவிட்டால் அடுத்த நொடி எங்களிடம் திரும்பி, "சிஸ்டர், எனக்குத் தைராய்டு இருக்கா?" என்பார்கள்.

தைராய்டு எல்லோருக்கும்தான் இருக்கிறது. கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே, பட்டாம்பூச்சி வடிவில் ஒரு சுரப்பி. கேட்க நினைப்பது, அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதைத்தான். தைராய்டு டெஸ்டில் வரும் டிஎஸ்எச் என்ற எண் 25 என்று வந்தால் பதில் சுலபம்: இல்லை. 2 என்று வந்தாலும் சுலபம்: ஆமாம். 5.1, 6.2, 7.4 என்று எல்லையை ஒட்டி வரும்போதுதான் வீட்டில் தூக்கம் போகிறது, மாமியார் ஒன்று சொல்கிறார், வாட்ஸ்அப் ஒன்று சொல்கிறது.

திண்டுக்கல்லில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபது வருடத்துக்கு மேல் ஊசி பிடித்தவள் நான். டாக்டர் இல்லை, மாத்திரை எழுதவும் நிறுத்தவும் எனக்கு உரிமை இல்லை. ஆனால் எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எதை முதலில் பார்க்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம், டாக்டரின் ஐந்து நிமிடத்தை எப்படி வீணாக்காமல் இருப்பது என்பதைக் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் வேலை: தாளை முழுசாகப் படியுங்கள்

சாதாரண தைராய்டு பேக்கேஜில் மூன்று வரி இருக்கும்: டி3, டி4, டிஎஸ்எச். முதல் இரண்டும் தைராய்டு சுரக்கும் ஹார்மோன்கள். மூன்றாவது தைராய்டிலிருந்து வருவதே இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்குவதற்காக அனுப்பும் ஹார்மோன் அது.

மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாடு, பிட்யூட்டரி வண்டிக்காரர், டிஎஸ்எச் அவர் போடும் அதட்டல். மாடு சோர்ந்தால் அதட்டல் கூடும். மாடு தானாக ஓட ஆரம்பித்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். அதனால்தான் தைராய்டு மந்தமானால் டிஎஸ்எச் ஏறுகிறது, அதிகமாகச் சுரந்தால் இறங்குகிறது. "டிஎஸ்எச் கூடியிருக்கு, அப்போ தைராய்டு கூடிடுச்சு" என்று தலைகீழாகப் புரிந்துகொண்டு போகிறவர்கள் அநேகம் பேர்.

இந்த வண்டிக்காரர் ரொம்ப உஷார் பேர்வழி. டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்எச் நூறு மடங்குகூட ஏறலாம். ஆகவே மாட்டின் நடையில் நம் கண்ணுக்குத் தெரியாத சிறு தளர்ச்சி வந்தாலே அவர் குரல் உயர்ந்துவிடும். டிஎஸ்எச் கொஞ்சம் கூடி, டி4 நார்மலாக இருக்கும் ரிப்போர்ட்டின் அர்த்தம் இதுதான்: வண்டி சரியான வேகத்தில் போகிறது, அதட்டல் மட்டும் கூடியிருக்கிறது. இதை டாக்டர்கள் சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம் என்பார்கள். அபூர்வமான விஷயமும் இல்லை. சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் 5,376 பேரிடம் எடுத்து 2013இல் வெளியான ஆய்வில், சுமார் 8 சதவீதம் பேர் இந்த நிலையில் இருந்தார்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நார்மல் அளவையும் பாருங்கள். அது எல்லா லேபிலும் ஒன்று அல்ல. ஒரு கம்பெனி மெஷினில் மேல் எல்லை 4.2 என்று இருக்கும், இன்னொன்றில் 4.9ஐத் தொடும். உங்கள் டிஎஸ்எச் 4.5 என்றால் ஒரு லேபில் ஸ்டார் விழும், அடுத்த தெருவில் விழாது. ரத்தம் அதேதான்.

அலகையும் விட்டுவிடாதீர்கள். ஃப்ரீ டி4 (இது என்ன என்று பிறகு சொல்கிறேன்) ஒரு தாளில் 1.1 என்றும் இன்னொரு தாளில் 14 என்றும் இருந்தால் பதறத் தேவையில்லை. முதலாவது டெசிலிட்டருக்கு நானோகிராம், இரண்டாவது லிட்டருக்கு பிக்கோமோல். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. டிஎஸ்எச்சில் இந்தத் தொல்லை இல்லை, மில்லி லிட்டருக்கு மைக்ரோ யூனிட் என்றாலும் லிட்டருக்கு மில்லி யூனிட் என்றாலும் எண் ஒன்றுதான்.

வயதும் கணக்கில் வரும். வயது ஏற ஏற டிஎஸ்எச் தானாகவே கொஞ்சம் மேலே நகரும். எண்பது வயதுத் தாத்தாவுக்கு 6.5 வந்தால் அதை இருபத்தெட்டு வயதுப் பெண்ணின் 6.5 போல எந்த டாக்டரும் பார்க்க மாட்டார். ஆனால் அச்சடித்த தாளுக்குத் தாத்தாவின் வயது தெரியாது. அது ஸ்டார் போட்டுவிடும்.

அடுத்தது: அன்றைக்கு ரத்தம் எப்படி எடுத்தீர்கள்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி.

டிஎஸ்எச் நாள் முழுக்க ஒரே அளவில் நிற்காது. நள்ளிரவுக்குப் பிறகும் விடியற்காலையிலும் உச்சத்தில் இருக்கும். மதியத்துக்கு மேல் இறங்கிவிடும். காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் கொடுத்த ரத்தத்தையும், ஆபீஸ் முடிந்து மாலை நான்கு மணிக்குக் கொடுத்த ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து "ஏறிடுச்சு, இறங்கிடுச்சு" என்று பேசுவதில் பொருளில்லை. தைராய்டு டெஸ்டுக்குச் சாப்பிடாமல் வரவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வாருங்கள்.

அடுத்து, சமீபத்தில் உடம்பு சரியில்லாமல் இருந்ததா? பெரிய காய்ச்சல், ஆஸ்பத்திரியில் அட்மிட், ஆபரேஷன் எல்லாம் டிஎஸ்எச்சைப் புரட்டிப்போடும். நோய் உச்சத்தில் இருக்கும்போது இறங்கும், தேறி வரும்போது தற்காலிகமாக எகிறும். என் அம்மாவின் கதை அதுதான். அவருக்கு அப்போது அறுபத்தெட்டு. நிமோனியாவுக்கு எட்டு நாள் படுத்து எழுந்த பத்தாம் நாள், நானே ரத்தம் எடுத்தேன், "எதுக்கும் தைராய்டும் பார்த்துடலாம்" என்று. 7.9. அம்மாவுக்கு அசதி, மலச்சிக்கல், எல்லாம் பொருந்தியது. இத்தனை வருட அனுபவம் இருக்கிறதே என்ற தைரியத்தில் எங்கள் குடும்ப டாக்டரிடம் போய் மாத்திரை எழுதச் சொல்லி நின்றேன். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்து, "அவசரம் அம்மாவுக்கா, உனக்கா?" என்று கேட்டார். பத்து வாரம் கழித்து எடுத்தோம். 4.1. அசதி நிமோனியாவின் மிச்சம். மலச்சிக்கல் அம்மா தண்ணீர் குடிக்காததால்.

மூன்றாவது, முடி மாத்திரை. முடி உதிர்வுக்கும் நகத்துக்கும் விற்கும் மாத்திரைகளிலும், மிட்டாய் மாதிரி மெல்லும் கம்மிகளிலும் பயோட்டின் என்ற வைட்டமின் பெரிய அளவில் இருக்கும். சில மெஷின்கள் வேலை செய்யும் முறையே பயோட்டினை நம்பித்தான். ரத்தத்தில் அது மிதந்தால் டிஎஸ்எச் பொய்யாகக் குறைத்தும், டி4 பொய்யாகக் கூட்டியும் காட்டும். உங்கள் தைராய்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ரிப்போர்ட் மட்டும் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று சொல்லும். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு வாருங்கள். டோஸ் பெரிதென்றால் எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேளுங்கள். நாங்கள் கேட்காவிட்டாலும் லேபில் சொல்லுங்கள். "வேற மாத்திரை ஏதாவது?" என்றால் எல்லோரும் பிரஷர், சுகர் மாத்திரையைச் சொல்வார்கள், முடிக்குச் சாப்பிடுவதை மாத்திரையாகவே நினைக்க மாட்டார்கள்.

மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியம், இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன், ஸ்டீராய்டு எடுப்பவர்களும் சொல்லியாக வேண்டும். ஆனால் இந்த மூன்றையும் டெஸ்டுக்காக நீங்களாக நிறுத்தக் கூடாது. சொன்னால் போதும்.

இரண்டாவது ரத்தம்

முதல் ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். எல்லைக்கோட்டில் வரும் டிஎஸ்எச்சில் கணிசமான பங்கு, ஒன்றும் செய்யாமலேயே அடுத்த தடவை நார்மலுக்குத் திரும்பிவிடும். வழக்கமாக இரண்டு மூன்று மாத இடைவெளி விட்டு மறுபடி பார்ப்பார்கள். மறுநாளே வேறு லேபுக்கு ஓடுவதால் பயனில்லை, அது காசுக்குக் கேடு. அதே லேப், அதே நேரம், அதே வெறும் வயிறு அல்லது அதே இட்லிக்குப் பிறகு. இரண்டாவது முறை 5.8க்குப் பதில் 5.2 வந்தால் அதை முன்னேற்றம் என்று கொண்டாட வேண்டாம், 6.3 வந்தால் அழவும் வேண்டாம். இந்த அளவு ஏற்ற இறக்கம் ஒரே மனிதருக்குச் சும்மாவே வரும்.

இரண்டாவது முறை எடுக்கும்போது கூடவே இரண்டைக் கேட்கலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஒன்று, ஃப்ரீ டி4. பேக்கேஜில் வரும் மொத்த டி4, புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஹார்மோனையும் சேர்த்து எண்ணுவது. கர்ப்பத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் அந்தப் புரதம் கூடுவதால் மொத்தமும் கூடித் தெரியும். ஒட்டாமல் தனியாகத் திரியும் ஹார்மோன்தான் உடம்புக்குப் பயன்படுகிறது. மாடு சரியாக நடக்கிறதா என்பதை அதுதான் காட்டும்.

இன்னொன்று ஆன்டி டிபிஓ. உங்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிறதா என்று, அதற்கான ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்பதை வைத்துப் பார்க்கும் டெஸ்ட். இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் இருபது வருடம் ஒரே மக்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். டிஎஸ்எச் கூடி, ஆன்டிபாடியும் இருந்த பெண்களில் வருடத்துக்கு 4.3 சதவீதம் பேர் முழுமையான தைராய்டு குறைபாட்டுக்குப் போனார்கள். டிஎஸ்எச் மட்டும் கூடியிருந்தவர்களில் 2.6 சதவீதம். ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் நாளைக்கே நோய் என்று அர்த்தமில்லை, விடாமல் வருடா வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அர்த்தம். ஒருமுறை பாசிட்டிவ் வந்துவிட்டால் இதைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பெரிய பயனும் இல்லை. "ஆன்டிபாடி 600இலிருந்து 400 ஆயிடுச்சு" என்று கணக்கு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்துக்கு நல்ல பழம் வாங்கலாம்.

யார் காத்திருக்கக் கூடாது

இரண்டு மூன்று மாதம் பொறுங்கள் என்று மேலே சொன்னது எல்லோருக்கும் இல்லை.

கர்ப்பமாக இருப்பவர்கள், நாள் தள்ளிப் போயிருப்பவர்கள், குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். முதல் மூன்று மாதம் வயிற்றுக் குழந்தை பெரும்பாலும் தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. அவர்களுக்கான அளவுகோலும் வேறு. தாளில் நார்மல் என்று அச்சிட்டிருப்பது அவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண் கர்ப்பமானால் டோஸைக் கூட்ட வேண்டி வருவது சகஜம். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

டிஎஸ்எச் 10ஐத் தாண்டியவர்கள், ஃப்ரீ டி4 குறைந்தவர்கள், குழந்தைகள், கழுத்தில் கட்டி வளர்கிறவர்கள், குரல் மாறியவர்கள் இவர்களும் தள்ளிப்போட வேண்டாம். டிஎஸ்எச் கூடாமல் மிகக் குறைந்து, 0.1க்குக் கீழே போய், படபடப்பும் எடை இறக்கமும் இருந்தால் அது வேறு திசை, தைராய்டு அதிகமாகச் சுரக்கலாம். வயதானவர்களுக்கு அதனால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பும் தேயலாம். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு.

டாக்டரிடம் போகும் முன் ஒரு துண்டுச் சீட்டு

டோக்கன் நம்பர் நாற்பத்தேழு. உள்ளே போனால் கிடைப்பது ஐந்து நிமிடம். அதில் மூன்று நிமிடம் "ஒரே டயர்டா இருக்கு டாக்டர்" என்பதிலேயே போய்விடும். அதனால் முதல் நாள் இரவே எழுதி வையுங்கள்.

என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து. "ரொம்ப நாளா" என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. "தீபாவளிக்குப் பிறகு" என்றால் பிடித்துக்கொள்வார். அசதி, எடை ஏறுவது, குளிர் தாங்காதது, தோல் வறட்சி, மலச்சிக்கல், மாதவிடாய் தாறுமாறு, முடி கொட்டுவது. இவையெல்லாம் தைராய்டால் வரலாம். ரத்தசோகையாலும், பி12 குறைவாலும், தூக்கமில்லாததாலும், மனச்சோர்வாலும் வரலாம். எனவே பழைய ஹீமோகுளோபின், சுகர், கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் கூடியிருந்தால் தைராய்டு முடிவில் அதற்கும் பங்கு உண்டு.

வீட்டில் வேறு யாருக்குத் தைராய்டு? அம்மா, சித்தி, அக்கா. இதய நோய் உண்டா? என்னென்ன மாத்திரை? பெயர் தெரியாவிட்டால் அட்டையையே கொண்டு போங்கள். முடி மாத்திரை அட்டையையும்தான்.

குழந்தைக்குத் திட்டமிருக்கிறதா என்பது ரொம்ப முக்கியம். ஆனால் கூட மாமியார் உட்கார்ந்திருப்பார், கணவர் இருப்பார். டாக்டர் கேட்டால் பல பெண்கள் தலையைக் குனிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். வாயால் சொல்லத் தயக்கமாக இருந்தால் அந்தச் சீட்டில் எழுதி ரிப்போர்ட்டோடு சேர்த்து நீட்டிவிடுங்கள். முன்பு கரு கலைந்திருந்தால் அதையும்.

முதலில் எம்.டி. ஜெனரல் மெடிசின் டாக்டரே போதும். எண்டோகிரைனாலஜிஸ்ட், அதாவது ஹார்மோன் நிபுணர், தேவையென்றால் அவரே அனுப்புவார்.

உள்ளே என்ன கேட்பது

டாக்டரிடம் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வார் என்ற பயம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. "நெட்ல போட்டிருந்துச்சு" என்று ஆரம்பித்தால் கோபம் வரத்தான் செய்யும். அதை விட்டுவிட்டு இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"இதை இன்னொரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணலாமா டாக்டர், இல்ல இப்பவே மாத்திரை வேணுமா?"

"மாத்திரை ஆரம்பிச்சா எனக்கு என்ன சரியாகும்னு எதிர்பார்க்கலாம்?"

"டிஎஸ்எச் எந்த அளவுக்கு வரணும்? எத்தனை மாசத்துல சரியாகலைன்னா நிறுத்திடலாம்?"

"இப்ப வேண்டாம்னா, அடுத்த டெஸ்ட் எப்போ?"

இரண்டாவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். காரணம் இருக்கிறது. டிரஸ்ட் என்ற பெயரில் ஐரோப்பாவில் ஒரு பெரிய ஆய்வு நடந்து 2017இல் முடிவு வந்தது. சராசரி வயது 74. எல்லைக்கோட்டு டிஎஸ்எச் உள்ள 737 பேர். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. டிஎஸ்எச் எண் நிஜ மாத்திரையில் இறங்கியது. ஆனால் அசதியிலும் மற்ற தொந்தரவுகளிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. 2019இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பரிந்துரையும், பெரும்பாலான எல்லைக்கோட்டுக்காரர்களுக்கு மாத்திரை வேண்டாம் என்றே சொல்லியது. குழந்தைக்கு முயற்சி செய்யும் பெண்கள், டிஎஸ்எச் 20ஐத் தாண்டியவர்கள், தொந்தரவு கடுமையாக உள்ளவர்கள், முப்பது வயதுக்குட்பட்ட சிலர் ஆகியோரை அதிலிருந்து விலக்கி வைத்திருந்தது. மறுபக்கம், டிஎஸ்எச் 10ஐத் தாண்டினாலே ஆரம்பிப்பவர்களும், ஆன்டிபாடியோடு 7, 8 என்று இருந்தால் இளையவர்களுக்குச் சில மாதம் கொடுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. டாக்டருக்கு டாக்டர் பதில் மாறுவது ஏமாற்று வேலை இல்லை. இந்த இடம் நிஜமாகவே தெளிவில்லாத இடம்.

மாத்திரை எழுதிவிட்டால்

தைரோநார்ம், எல்ட்ராக்சின் என்று எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது லெவோதைராக்சின். அளவு மைக்ரோகிராமில். 12.5க்கும் 125க்கும் அட்டையில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. பிறகு அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் எதுவும் கிடையாது. எதுவும் என்றால் காபியும்தான். நம் ஊரில் இந்த மாத்திரை வேலை செய்யாததற்கு ஃபில்டர் காபியைவிடப் பெரிய காரணம் இருக்காது என்பது என் சந்தேகம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளி வையுங்கள்; கர்ப்பிணிகளுக்கு இந்த இரண்டையும் கையில் கொடுத்துவிடுவதால் அவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள். காலையில் தைராய்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரும்பு, இரவில் கால்சியம் என்று பிரித்துக்கொள்ளலாமா என்று கேட்டு முடிவு செய்யுங்கள்.

பதினைந்து நாளில் திரும்ப வந்து டெஸ்ட் எடுக்காதீர்கள். இந்த ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். டோஸ் மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் டிஎஸ்எச் நிலைக்கு வரும். டெஸ்ட் அன்று ரத்தம் கொடுத்துவிட்டு மாத்திரை போடுங்கள்.

நார்மல் வந்ததும் "சரியாயிடுச்சு" என்று தானாக நிறுத்துவது இன்னொரு வழக்கம். நார்மல் வந்தது மாத்திரையால். நிறுத்திப் பார்க்க ஆசையிருந்தால், எல்லைக்கோட்டில் ஆரம்பித்தவர்களுக்கு அது நியாயமான கேள்விதான், டாக்டரிடமே கேளுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். வேகவைத்த முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. அயோடின் உப்பை விட்டுவிட்டு இந்துப்புக்கு மாறியவர்கள் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், இந்துப்பில் அயோடின் மிகக் குறைவு. அதற்காகக் கடல்பாசி மாத்திரை வாங்கி அயோடினை அள்ளிப் போடுவதும் தப்பு. அதிகமானாலும் தைராய்டு கெடும்.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு வரி: தேதி, நேரம், எந்த லேப், டிஎஸ்எச், ஃப்ரீ டி4, அன்றைக்கு என்ன டோஸ், அந்த மாதம் காய்ச்சல் ஏதாவது வந்ததா. அம்மாவின் நோட்டில் இப்போது ஒன்பது வரி இருக்கிறது. முதல் வரியில் 7.9க்குப் பக்கத்தில் "நிமோனியா" என்று எழுதி நானே கோடு போட்டு வைத்திருக்கிறேன்.